ஒரு நடுவும் இரு தண்டுகளும்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் பணித்தபொழுது, எம் உள்ளத்தில் முதலில் எழுந்தது வகுப்பறையன்று. எமது வளவின் தகரக் கொட்டகையில் நிற்கும் மொறிஸ் மைனர் வண்டியே. அறிஞர் பலர் கல்வி, சமயம், தமிழ் என்பன பற்றி எழுதும் மலரிலே ஒரு பழைய மோட்டார் வண்டியின் பற்சில்லுப் பெட்டியைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என ஐயுற்றோம். ஆயினும், இக்கல்லூரியிற் கற்ற பாடமொன்றை நாம் மெய்யாக உணர்ந்தது அப்பெட்டியின் முன்னேயாதலின் எழுதத் துணிந்தோம்.

எம் தந்தையார் ஓர் ஆசிரியர். 1964ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற அவ்வண்டியை 1969இல் பழையதாக வாங்கினார். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. வீதியில் வீழ்ந்த மரங்கள் தறித்து அகற்றப்பட்டதும், காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு நாள் முழுதும் மருத்துவமனைக்கு ஓடியது அவ்வண்டி. தந்தையார் மறைந்த பின்னர் அதனை விற்க எவருக்கும் மனம் வரவில்லை.

2011ஆம் ஆண்டு ஆவணியில், மண்டூர் முருகன் திருவிழாவுக்கு எம் தாயாரை அதில் அழைத்துச் சென்றோம். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் மிதவையை எம்மவர் ‘பாதை’ என்பர். பாதையை விட்டிறங்கி அக்கரை மேட்டில் ஏறுகையில் வண்டி தயங்கிற்று. மொறிஸ் மைனரின் முதலாம் கியருக்குப் பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு இல்லை. வண்டி முற்றாக நின்ற பின்னரே அதனை இடுதல் வேண்டும். நாமோ பொறுமையின்றி வலிந்து தள்ளினோம். உள்ளே ஏதோ நொறுங்கிற்று. வண்டி வாவியை நோக்கிப் பின்னே உருண்டது. கைத்தடையின் நினைவு எமக்குப் பிந்தியே வந்தது. துறையில் நின்ற இளைஞர் ஓடிவந்து சில்லுகளுக்குக் கல் வைத்திராவிடின் என்னாகியிருக்கும் என எண்ணவும் அஞ்சுகின்றோம். தாயார் எம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. ஆனால் அதன்பின் அவ்வண்டியில் ஏறவுமில்லை.

உடைந்த பற்சில்லுக்கு மாற்றுத் தேடினோம். 1990களில் காலி நகரிலே மொறிஸ் மைனரின் உடற்றகடுகள் செய்யப்பெற்று இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. எமக்கு வேண்டிய பற்சில்லோ எங்கும் அகப்படவில்லை. ஈற்றில் கொழும்பு பஞ்சிகாவத்தையில், உடைத்துப் பிரிக்கப்பட்ட டட்சன் சனி வண்டியொன்றின் பெட்டியை வாங்கி வந்தோம். அதில் முன்செல்லும் கியர் யாவும் இடருறாது விழும்.

அக்கா இதனை விரும்பவில்லை. “அப்பாவின் காருக்கு யப்பான்காரனின் பெட்டியா?” என்றார். நாம் வரலாற்றைத் துணைக்கழைத்தோம். மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபொழுது 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பழைய இயந்திரமே அதிலிருந்தது. 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒன்றிணைந்தன. பின்னரே ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் அதிற் பூட்டப்பட்டது. அவ்வினமே வளர்ந்து 948 ஆகி, 1962இல் 1098 ஆயிற்று. அதே 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, ஒஸ்ரின் வண்டிகளைத் தன்னாட்டிற் பூட்டித் தொழில் பழகியது டட்சனை ஆக்கிய நிசான் நிறுவனம். ஆகவே ஆசானின் இயந்திரத்துக்கு மாணாக்கன் பெட்டி தருகின்றான் என்றோம். அக்கா நகைத்து, ஒரு நிபந்தனையோடு இசைந்தார்: தந்தையாரின் வண்டியில் மீண்டும் பழையபடி பூட்டவியலாதவாறு எதனையும் வெட்டலாகாது.

இரண்டையும் அருகருகே வைத்தபொழுதுதான் தொல்லை புலனாயிற்று. ஆணித் துளைகள் ஒன்றோடொன்று ஒவ்வா. மொறிஸ் கிளச் தட்டின் நடுப்பற்கள் டட்சன் தண்டிற் புகா. நல்லூழாக, மொறிஸின் தட்டு ஏழேகால் அங்குல விட்டமுடையது. அஃதாவது 184 மில்லிமீற்றர். டட்சனின் தட்டு 180. எனவே டட்சன் தட்டையே மொறிஸ் பிளைவீலில் வைத்தல் கூடிற்று. இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையே இரும்புப் பலகையொன்று மட்டுமே வேண்டியிருந்தது.

அதனை எளிதென எண்ணியதே எம் பிழை. காகிதத்தில் இரு பக்கத் துளைகளையும் அச்செடுத்து, பலகையிற் துளையிட்டு, ஆணிகளை முறுக்கிப் பூட்டினோம். வண்டி ஓடிற்று. ஊராருக்குக் காட்டிப் பெருமிதமும் கொண்டோம். ஒரு மாதத்துள் முழக்கம் எழுந்தது. கிளச் விடுபட மறுத்தது. கழற்றிப் பார்த்தபொழுது, மாற்றித் தண்டின் முனையிலுள்ள வெண்கலக் குழல் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தது.

எழுபது வயது கடந்த கம்மியர் ஒருவரிடம் அக்குழலைக் கொண்டு சென்றோம். அவர் அதனை விரலில் உருட்டிப் பார்த்து, “மனே, ஆணி பிடிக்கத்தான் செய்யும், இடம் காட்டாது. ரெண்டு தண்டுக்கும் ஒரே நடு வேணும்” என்றார்.

அச்சொல் எம்மைக் கல்லூரி ஆய்வுகூடத்துக்கே கொண்டு சென்றது. வெர்னியர் இடுக்கியை எம் கையிற் தந்து, ஒரே பொருளை ஆறு முறை அளக்கச் செய்த பௌதிகவியல் ஆசிரியரை அந்நாளில் நாம் முணுமுணுத்ததுண்டு. ஒருமைய வட்டங்களைத் தேர்வுக்கெனவே மனனஞ் செய்ததுமுண்டு.

இரண்டாம் பலகையைக் கடைசற்பொறியில் வைத்துக் கடைந்தோம். பெட்டியின் உள்ளீட்டைக் கழற்றி, வெறுங்கூட்டை மட்டும் இளக்கமாகப் பூட்டினோம். மாற்றித் தண்டின் முகப்பில் முள் அளவுமானியொன்றைப் பொருத்தி, தண்டைக் கையாற் சுற்றி, கூட்டின் வாய்வட்டத்தை முள் தடவுமாறு செய்தோம். ஓரங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் முள் அசையலாகாது என்பது பெரியவரின் விதி. முதலில் அது நாற்பது காட்டிற்று! அந்த நாற்பதே எம் குழலைத் தின்றது. கூட்டை மெல்லத் தட்டித் தட்டி நான்குக்குக் கொணர இரு நாட்கள் சென்றன. அதன் பின்னரே, கூடு நகராதவாறு இடங்காட்டும் முளைகளுக்குத் துளையிட்டோம். வெளிவிட்டம் மொறிஸ் தண்டுக்கும் உள்விட்டம் டட்சன் தண்டுக்கும் பொருந்தப் புதிய வெண்கலக் குழல் கடைந்து, எண்ணெயில் ஊறவிட்டு ஏற்றினோம். பின்சில்லுக்குச் செல்லும் நெடுந்தண்டை வேறாகச் செய்து, இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்குமாறு ஒட்டுவித்தோம். பழைய நெடுந்தண்டும் பழைய பெட்டியும் வெட்டுப்படாமல் இன்றும் பெட்டகத்தில் உள்ளன; அக்காவின் நிபந்தனை வழுவவில்லை.

அடுத்த ஆவணியில், தாயாரிடம் யாதும் கேளாமல் வண்டியை வாயிலில் நிறுத்தினோம். அவர் சற்று நேரம் பார்த்து நின்றார். பின்னர் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். குருமண்வெளியிற் பாதையேறி, அக்கரை மேட்டில் முதலாம் கியரை இட்டோம். ஓசையின்றி விழுந்தது. மேடேறி முடியும்வரை அவரது கை கதவின் பிடியிலேயே இருந்தது. ஏறிய பின்னர் அதனை எடுத்து மடியில் வைத்தார். எமக்கு அதனிலும் பெரிய பட்டம் எக்காலத்தும் கிடைத்ததில்லை.

மாணவத் தம்பியரே, ஆய்வுகூடத்தில் ஆறாம் முறையும் அளக்கும்படி ஆசிரியர் கூறுகையில் சலியாது அளமின். நான்கெழுத்து அறிந்த கையே ஆயினும் கரிபடிந்த கையிடம் கேட்க நாணாதீர். பெரியவர் இன்றில்லை, எம் தாயாரும் இல்லை. வண்டி ஓடுகின்றது. எமக்கு அளக்கக் கற்பித்த கல்லூரி நீடு வாழ்க!