வரம்பு நடை

ஒட்டுசுட்டானில் வயல் வரம்பு வழியே நடந்து பழகியோர்க்குக் கணுக்கால் பிரளுதல் புதுச் செய்தியன்று. மாரியில் வரம்பு வழுக்கும். கோடையில் மாட்டுக் குளம்பு பதிந்த குழிகள் கல்லாய் இறுகிக் கிடக்கும். நமக்கு நேர்ந்தது கோடைப் பிரளல். முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்காலோரம் வந்துகொண்டிருந்தோம். வலது பாதம் உட்புறமாக மடிந்தது. மறுகணம் நிலத்தில் இருந்தோம். "நோவெண்ணெய் போட்டு உருவினாச் சரி, அண்ணை" என்றார் ஓடிவந்த அயலவர். உருவினோம். வீக்கம் இரட்டித்தது.

புதுச் சுளுக்கை உருவலாகாது என்பதைப் பின்னரே அறிந்தோம். காலை உயர்த்தி வைத்து, துணிப்பட்டையால் அளவாகச் சுற்றி, ஆறவிடுவதே முறை. நாலடி எடுத்து வைக்க இயலாவிடினும், கணுவெலும்பை அழுத்துகையில் நொந்தாலும், எக்ஸ்ரே எடுக்காமல் இருத்தல் தவறு.

மூன்று கிழமையில் நோ தீர்ந்தது, நாமும் மறந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, எண்பது கடந்த தாயாரைக் கைப்பிடியாக அழைத்துக்கொண்டு தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குச் சென்றோம். வாசலுக்குச் சற்று முன்னே அதே கால் மீண்டும் பிரண்டது. நாம் விழுந்தோம், தாயார் மதிலைப் பற்றிக்கொண்டமையால் தப்பினார். "நீ என்னைப் பிடிக்கிறியோ, நான் உன்னைப் பிடிக்கிறனோ, மோனை?" என்றார். அவ்வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்னாகும் என்பதை எண்ணி, அன்றிரவு நாம் உறங்கவில்லை.

மறுநாளே இயன்மருத்துவரை நாடினோம். கணுக்காலின் வெளிப்புறத்தே மூன்று தசைநார்கள் உள்ளனவாம். பாதம் உள்மடியும்போது பெரும்பாலும் முன்னுள்ளதே முதலில் கிழியும். எலும்புகளைப் பிணைப்பதோடு, பாதம் எந்நிலையில் உள்ளதென்பதை மூளைக்கு உணர்த்தும் நரம்பு நுனிகளும் அவற்றில் உண்டு. நார் ஆறினாலும் அவ்வுணர்வு மழுங்கியிருப்பதாற்றான் கால் மீண்டும் மீண்டும் பிரள்கிறது என்று, இங்கிலாந்தில் பிறீமன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1965இல் எழுதினர். ஆடும் பலகைமேல் நின்று பழகுதலை மருந்தாகக் காட்டினர். தசைகளின் வலுவும் அவை விழித்தெழும் வேகமும் இதிற் சேரும் என்பது பின்னையோர் கண்டது.

கணுக்கால் உறையொன்றும் தரப்பட்டது. முன்பு பிரண்ட காலை அது மறுபடி பிரளாமற் காக்கப் பெரிதும் உதவும் என்பது ஆய்வுகளிற் கண்ட உண்மை. எனினும் உறை காலுக்குப் பாடம் சொல்லித் தராது, பயிற்சியே தரும். வெறுங்காலோடு, சுவர் எட்டும் தூரத்தில், ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்றல். பின்பு குதிகாலை உயர்த்தி இறக்குதல். அது கைவந்தபின் மடித்த சாக்கின்மேல் நிற்றல். அதன்பின் கண்களை மூடி நிற்றல். எளிதென்று நகைத்தோம். கண்ணை மூடிய மாத்திரத்தில் கிணற்றுத் துலாப்போல் ஆடினோம்! சிறு வயதிற் கெந்தித்தொட்டு ஆடிய கால்கள்தாமா இவை?

எம் அயலில், போரிற் காலிழந்து, ஜெய்ப்பூர்க் காலணிந்து நடப்பவர் ஒருவர் உளர். 1968இல் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் சேத்தியும் ஆக்கிய ரப்பர்ப் பாதம் அது. கணுவில் வளைவதால் வெறும்பாதத்தோடு வயலிலும் நடக்கலாம், குந்தியும் இருக்கலாம். "எனக்குப் பாதம் ஒண்டும் சொல்லாது; தொடைதான் சொல்லும். நீங்கள் ஏன் எந்நேரமும் காலைப் பாக்கிறியள்? தூரத்திலை ஒரு மரத்தைப் பாருங்கோ" என்றார். அவர் சொல் எந்த மருந்தினும் நன்றாக வேலை செய்தது.

இப்போது ஆறாம் வாரம். உறையணிந்தே வரம்பேறுகிறோம். காலையில் விறாந்தையில் தாயாரும் நம்முடன் நிற்கிறார். கண் மூடுவதும் ஒற்றைக் காலும் அவருக்கு இல்லை. கதிரையின் முதுகைப் பிடித்தபடி, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நிற்பதே அவர் பயிற்சி. முப்பதுவரை எண்ணுவதும் அவரே. நம் முறையில் மெல்லவும் தம் முறையில் விரைந்தும் எண்ணுகிறார்.