கெர்னல் எழும் வரை

லினக்ஸ் கெர்னலைத் தமக்கேற்பத் தொகுத்துக்கொள்ளப் புகுவோர் முன்னால் 10,000-க்கும் மேற்பட்ட தெரிவுகள் வந்து நிற்கின்றன. அவற்றுட் பலவற்றுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றோடு ‘மாட்யூலாக’ என்ற மூன்றாவது விடையும் உண்டாதலால், அவற்றினின்று பிறக்கக்கூடிய கன்ஃபிகரேஷன்கள் அனைத்தையும் பரீட்சித்து முடிப்பது மனித சாத்தியமன்று. ஆகவே சில மாதிரிகளைக் கொண்டே காரியம் நடக்கிறது: கூடிய மட்டும் ‘ஆம்’ என்பது ஆல்யெஸ்கான்ஃபிக், கூடிய மட்டும் ‘இல்லை’ என்பது ஆல்நோகான்ஃபிக், விடைகளைத் தற்செயலுக்கே விட்டுவிடுவது ராண்ட்கான்ஃபிக்.

இவற்றைக் கம்பைல் செய்து பார்க்கும் பில்ட் சோதனையை நான் ஒருபோதும் அற்பமாக எண்ணியதில்லை. கெர்னலோடு பிணைக்கப்பட்ட ஒரு டிரைவர், மாட்யூலாகத் தனியே நிறுத்தப்பட்ட வேறொன்றின் ஃபங்ஷனை அழைக்குமாயின், லிங்கர் அங்கேயே வேலையை நிறுத்தி, காணாமற்போன பெயரையும் அதைத் தேடிய கோப்பையும் சொல்லிவிடுகிறது. 2013-இல் கம்பைல்_டெஸ்ட் என்னும் தெரிவு சேர்ந்த பிறகு, ஏதோ ஓர் ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்ட டிரைவரையும் சாதாரண மேஜைக் கணினிக்காகக் கம்பைல் செய்து பிழை காண முடிகிறது. ஓடப்போவதில்லை என்று தெரிந்தே தொகுக்கப்படும் அந்த நிரலில் பில்ட் சோதனையின் பெருமையும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன.

எழுத்தில் முரண்பாடில்லை என்பது அனுமானம். இயந்திரம் எழுந்து நிற்பதே பிரத்தியட்சம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை மாட்யூலாகத் தெரிந்துகொண்டு, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே ஒருவர் பூட் செய்தால், பில்டில் ஒரு வார்னிங்கும் எழுந்திராது; ஆனால் ரூட் பார்ட்டிஷனை வாசிப்பதற்கு வேண்டிய மாட்யூல் அந்தப் பார்ட்டிஷனுக்குள்ளேயே கிடப்பதால், கெர்னல் அதை மவுண்ட் செய்ய இயலாமல் பேனிக் ஆகிவிடுகிறது. இதைவிட நுட்பமானது வரிசை பற்றிய சங்கடம். ஒரு டிரைவரை ‘ஆம்’ என்பதிலிருந்து மாட்யூலுக்கு மாற்றிய மாத்திரத்தில் அது விழித்தெழும் காலம் மாறி, அதை நம்பியிருந்த மற்றொன்று கிளாக்கோ மின்சாரமோ கிடைக்காமல் தவிக்க நேர்கிறது. வேண்டியது கிட்டும்வரை டிரைவர் தன் ப்ரோபைத் தள்ளிவைக்கலாம் என்று 2012-இல் வந்த ஏற்பாடு இத்துன்பத்தைத் தணித்ததேயன்றி ஒழிக்கவில்லை. கம்பைலருக்குக் காலம் என்பதே தெரியாது. மேலும், பில்ட் தோற்றால் வரி எண்ணோடு சேதி வருகிறது. பூட் தோற்றாலோ பல சமயம் சீரியல் கன்சோலில் ஓர் எழுத்தும் வராது, சேதி சொல்ல வேண்டிய கன்சோல் டிரைவரே இன்னும் எழவில்லையாதலால். அந்த வெறுந்திரை முன் அமர்ந்து, எர்லிகான் என்ற பாராமீட்டரைச் சேர்த்து மறுபடியும் துவக்கி, முதல் வரி தோன்றக் கண்டு அடையும் ஆனந்தம் அனுபவித்தவர்களுக்கே விளங்கும்.

எக்ஸ்86 பிரிவைப் பராமரித்த இங்கோ மோல்னார், ராண்ட்கான்ஃபிக் கெர்னல்களைத் தொகுத்ததோடு நில்லாமல் கணினிகளில் துவக்கியும் பார்த்தது, என் அபிப்பிராயத்தில், இன்னும் பலர் மேற்கொள்ள வேண்டிய வழி. கணினியைப் பாவனை செய்யும் க்யூஎமு இதற்கு நல்ல துணைதான்; எனினும் ஒரு போர்டின் மின்சுற்றிலுள்ள விசித்திரங்கள் யாவும் அதன் பாவனைக்குள் அகப்படுவதில்லை. பற்பல ஆய்வுக்கூடங்களிலுள்ள மெய்யான போர்டுகளைத் தூரத்திலிருந்தே எழுப்பிப் பார்க்கும் கெர்னல்சிஐ போன்ற முயற்சிகள் எனக்கு அருமையானவையாகத் தோன்றுவது இதனாலேயே. பேட்ச் அனுப்புவோருட் சிலர் ‘கம்பைல் மட்டுமே செய்து பார்த்தேன்’ என்று ஒளிக்காமல் எழுதுகிறார்கள். அந்த ஒரு வரியைக் கண்டவுடன், தம் மேஜையில் எந்த போர்டை எடுத்து வைக்க வேண்டும் என்பது அதைச் சேர்த்துக்கொள்ளும் மெயின்டெய்னருக்குத் தெரிந்துவிடுகிறது.