நர்சம்மாவின் மாத்திரைக் கணக்கு

எங்கள் அம்மா குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்சாக இருந்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் "நர்சம்மா"தான். நடு ராத்திரியில் லைன் வீட்டிலிருந்து ஆள் வந்தால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பையுமாகப் பனியில் இறங்கிவிடுவார். வழி நெடுக உதட்டில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருக்கும்.

மே மாதத்தில் ஊட்டி காந்தல் குருசடித் திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிப் போவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் பிரசவம் வந்துவிட்டால், "பிள்ளை பிறக்கிற இடத்துல சாமி இருக்க மாட்டாரா?" என்று ஆஸ்பத்திரிக்கே போய்விடுவார்.

1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டங்களில் மருத்துவ வசதியும், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்தால் பிள்ளைக் காப்பகமும் வேண்டும் என்றது. வசதி இருந்தால் மட்டும் போதுமா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? குன்னூரிலுள்ள உபாசி என்ற தோட்ட அதிபர் சங்கம் 1971-ல் தொடங்கிய தொழிலாளர் நலத் திட்டத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். தொழிலாளிப் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்குச் சில வீடுகளை ஒப்படைத்தார்கள். யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி பாக்கி என்று பார்ப்பது அவர்கள் வேலை. எங்கள் தோட்டத்தில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அம்மா.

அம்மாவின் பெரிய எதிரி ரத்த சோகை. சோற்றோடு சோறாக டீயையும் குடித்துவிட்டு மலையேறுகிறவர்கள் அந்தப் பெண்கள். டீயிலுள்ள டானின், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது.

"ஏன் நர்சம்மா, கொழுந்து பறிக்கிற நாங்களே டீ குடிக்கக் கூடாதா?"

"குடி தாயி, யாரு வேணாம்னா? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி!"

இரும்புச் சத்து மாத்திரையைக் கொடுத்தால் மட்டும் விட மாட்டார். வாரா வாரம் டப்பாவைத் திறந்து எண்ணச் சொல்வார். மிச்சமிருந்தால் திட்டு விழும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். எங்களுக்கும் அப்பாவுக்கும் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே மிஞ்சியதை இரண்டு வாய் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் டீயோடு டூட்டிக்கு ஓடுவார். கடைசித் தம்பி பிறந்த மறு வருஷம், படியேறும்போதே மூச்சு வாங்கியது. ஒரு நாள் அடுப்படியில் மயங்கி விழுந்தார். ரத்தத்தைப் பரிசோதித்தால், 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7 கிராம்! தோட்டம் முழுவதற்கும் மாத்திரை எண்ணியவர், தனக்கென்று ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரமே அம்மா பயிற்சி கொடுத்த பெண்களில் ஒருத்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நர்சம்மா, டப்பாவை எடுத்துட்டு வாங்க. எண்ணணும்." அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று மாதம் அவள் விடாமல் வந்து எண்ணினாள். அப்பாவும் தன் பங்குக்கு, "நீ உக்காராம நாங்க யாரும் சாப்பிடறதில்லை" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அம்மா நின்றுகொண்டு சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை.

சகோதரிகளே, இது தோட்டத்துப் பெண்களின் கதை மட்டுமல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. சதா அசதி, மூச்சு வாங்கல், தலைசுற்றல் இருந்தால் "வேலை ஜாஸ்தி" என்று விட்டுவிடாமல் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் நாள் தவறாமல் சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். கால்சியம் மாத்திரையை அதே வேளையில் சேர்க்காதீர்கள். கீரையும் பயறும் தினமும் இருக்கட்டும்; கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக ஒட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று ராத்திரி உங்கள் தட்டையும் சேர்த்தே போடுங்கள். எல்லோருடனும் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிடுங்கள்.