மணை ஒன்று போதும்

வீடு பார்க்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வாசற்கதவு தேக்குதானா என்று தட்டிப் பார்ப்பார்கள். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வரும், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் குடைந்து கேட்பார்கள். "அஸ்திவாரம் எப்படி?" என்று கேட்டவரை, முப்பது வருஷம் ஓவர்ஸியராக இருந்த நான் கண்டதே இல்லை. அஸ்திவாரத்தின் தலையெழுத்து அப்படி. அது ஒழுங்காக இருக்கிற வரையில் அதைப் பற்றிப் பேச்சே எழாது.

பொம்மை உலகத்திலும் இதே கதைதான். ஒன்றின் மேல் ஒன்று 'டக்' என்று உட்காரும் பிளாஸ்டிக் செங்கல்கள் இப்போது குழந்தைகள் இருக்கும் வீடுகளில் உருண்டு கிடக்கின்றன. இருட்டில் ஒன்றை மிதித்தவர்களுக்கு அவற்றை நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை! அந்தச் செங்கல்களுக்கு அடியில் போடுவதற்கென்று பெரிய தட்டைத் தகடு ஒன்று தனியாக விற்கிறது. கடையில் 'பேஸ் பிளேட்' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'மணை' என்று பெயர். அந்த மணையைப் பற்றித்தான் உங்களோடு நாலு வார்த்தை பேச ஆசை.

பார்வைக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு சாணுக்குச் சற்றுப் பெரிய சதுரம். அதன்மேல் வரிசைக்கு 32 குமிழ் வீதம் 32 வரிசை. மொத்தம் 1024 குமிழ்கள். பக்கத்துக்குப் பக்கம் 25.6 சென்டிமீட்டர். இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு. அவனுக்கு வரிசைக்கு 48 குமிழ், பக்கம் 38.4 சென்டிமீட்டர். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். அந்த அளவு எங்கேயும் மாறாது.

என் மகன் பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறான். கடையில் இந்தத் தகட்டின் விலையைப் பார்த்துவிட்டு, "சக்கரம் இல்லை, ஜன்னல் இல்லை, ஒரு பொம்மை மனிதன்கூட இல்லை. வெறும் பச்சைத் தகட்டுக்கு இத்தனை ரூபாயா?" என்று திரும்பி வந்துவிட்டான். அவன் பேரில் குற்றமில்லை. அஸ்திவாரத்துக்குப் பணம் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனால் சமாசாரம் அத்தோடு முடியவில்லை. அவன் உத்தியோகம் மாற்றல் உத்தியோகம். அவன் பெண்ணுக்கு, அதாவது என் பேத்திக்கு, வயது ஒன்பது. இதுவரை ஐந்து வாடகை வீடு பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் லாரி வாசலில் வந்து நின்றதும், அவள் கட்டி வைத்த தெருவும் வீடும் ஆஸ்பத்திரியும் பொலபொலவென்று உதிர்ந்து ஒரு பைக்குள் போய்ச் சேரும். போன கோடை விடுமுறைக்கு மண்டகப்பட்டுக்கு வந்தவள், பையைத் திறக்கவே இல்லை.

"ஏனம்மா, வீடு கட்டவில்லையா?" என்று கேட்டேன்.

"எதுக்குத் தாத்தா? எப்படியும் பிரிக்கத்தானே போறோம்?" என்றாள்.

ஒன்பது வயசுக் குழந்தையின் வாயிலிருந்து வருகிற வார்த்தையா இது? நான் வாயடைத்துப் போனேன். அவள் பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அரிசிப் பானைக்குள் கையை விட்டுச் சிறுவாட்டுப் பணத்தை எடுத்தாள். அடுத்த வாரம் நான் பாண்டிச்சேரிக்குப் போனபோது அந்த 48 குமிழ்த் தகடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கேளுங்கள். டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். அவருடைய லெகோ கம்பெனி 1949-ல் பிளாஸ்டிக் செங்கல்லுக்கு வந்தது. அந்தச் செங்கல்லுக்கு உள்ளே வெறும் வெற்றிடம். அடுக்கினால் நிற்கும், தூக்கினால் உதிரும். 1955-ல் தெருக்கள் வரைந்த ஒரு விரிப்பைப் போட்டு, அதன் ஓரங்களில் வீடுகளை வைத்து விளையாடுகிற பட்டணத்தைக் கொண்டுவந்தார்கள். விரிப்பு ஊரைக் காட்டியதே தவிர, ஊரைப் பிடித்துக்கொள்ளவில்லை. 1958 ஜனவரி 28-ம் தேதி, செங்கல்லுக்கு உள்ளே குழாய் வைத்துக் கீழேயுள்ள குமிழைக் கவ்விப் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார்கள். கிழவர் அந்த மார்ச் மாதமே காலமாகிவிட்டார். அன்றைக்குச் செய்த செங்கல் இன்றைய தகட்டிலும் உட்காரும் என்கிறார்கள். கண்டிப்பான அளவு என்றால் இதுவல்லவா!

இனி இந்த மணை செய்கிற வேலையைப் பாருங்கள். வெறும் தரையில் கட்டினால் ஒவ்வொரு வீடும் தனித்தனி. கைபட்டால் ஒன்று கோணும், கால்பட்டால் இன்னொன்று ஓடும். மணையில் கட்டினால் எல்லா வீட்டுக்கும் ஒரே நூல், ஒரே மட்டம். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே எத்தனை குமிழ் என்று எண்ணிவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஊரை ஊராகவே தூக்கிக்கொண்டு போகலாம். ராத்திரி கட்டிலுக்கு அடியில் தள்ளி, காலையில் இழுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இது நம்மவர்களுக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். நம் சிற்ப சாஸ்திரத்தில், கோயில் எழுப்பும் முன் ஸ்தபதி மனையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார். எட்டுக்கு எட்டாகப் பிரித்தால் 64 பதம். அதற்கு மண்டூகம் என்று பெயர். ஒன்பதுக்கு ஒன்பதாகப் பிரித்தால் 81, அது பரமசாயிகம். பொம்மைத் தகடுகளில் எட்டுக்கு எட்டு என்று ஒரு சின்னத் தகடும் உண்டு. எண்ணிப் பார்த்தால் சரியாக 64 குமிழ்! நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, கேழ்வரகு தெளித்து, குளமும் தெருவும் வைக்கிறார்களே, அந்தத் தாம்பாளமும் ஒரு மணைதான்.

தகடு வந்த மறுநாள் பேத்தியை எங்கள் ஊர்க் குடைவரைக்கு அழைத்துப் போனேன். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே வருகிறவர்கள் அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. முகப்பில் தூண்கள், இரண்டு பக்கமும் கதையோடு துவாரபாலகர்கள், உள்ளே மூன்று கருவறைகள். கருவறைகள் இன்று காலி. பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை எடுத்ததாகக் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அந்த ராஜா, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதைச் செய்ததாகப் பெருமைப்படுகிறான்.

நான் விளக்கி முடித்ததும் பேத்தி தூணைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ இதை எதுமேல ஒட்ட வச்சிருக்காங்க?"

"ஒட்டவே இல்லையம்மா. தரையும் தூணும் கூரையும் ஒரே பாறை. வேண்டாததை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்."

"அப்படீன்னா இது முழுக்க மணையா!" என்றாள். நான் ஓவர்ஸியராக இருந்த காலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களை இங்கே அழைத்து வந்திருக்கிறேன். ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

இப்படிக் குடைகிறவனும் கட்டத்தை விடவில்லை, தெரியுமா? மாமல்லபுரத்தில் வேலை முடியாமல் நின்றுபோன குகைகளைப் பாருங்கள். பாறை முகத்தில் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, கோட்டை ஆழமாக வெட்டி, நடுவில் புடைத்து நிற்கும் சதுரங்களை உடைத்து எடுத்திருக்கிறார்கள். உடைக்காமல் விட்ட இடத்தில் அந்தப் புடைப்புகள் வரிசை வரிசையாக, பேத்தியின் தகட்டைச் சுவரில் சாத்தியதுபோல நிற்கின்றன.

ஆனால் குடைவரையில் ஒரு கஷ்டம் உண்டு. உளி ஒரு விரற்கடை அதிகமாகப் போய்விட்டால் திரும்ப ஒட்ட முடியாது. இடம் மாற்றவும் முடியாது. சுமார் நூறு வருஷம் கழித்து அதே வம்சத்தில் வந்த ராஜசிம்மன், எங்கள் பக்கத்துப் பனமலைக் குன்றின் மேல் கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினான். செஞ்சிக் கோட்டையை எடுத்தவர்களும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மணையாக வைத்துக்கொண்டுதான் மதிலை ஓட்டினார்கள். 2025-ல் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது எல்லாரும் மதிலைப் புகழ்ந்தார்கள். மலையையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!

அன்று சாயங்காலமே பை திறந்தது. பத்து நாளில் தெரு, பள்ளிக்கூடம், பாட்டிக்கு ஒரு மாட்டுக்கொட்டகை எல்லாம் எழும்பின. ஜூன் மாதம் மகனுக்கு மறுபடியும் மாற்றல். இந்த முறை ஊர் பைக்குள் போகவில்லை. பஸ்ஸில் பேத்தியின் மடியிலேயே பிரயாணம் செய்தது. வழியில் கொட்டகையின் கூரை மட்டும் விழுந்ததாம். ஆறாவது வாடகை வீட்டில் முதலில் இறக்கி வைத்த சாமான் அதுதான் என்று மருமகள் டெலிபோனில் சொன்னாள்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். இந்தத் தகடு மெல்லியது, வளையும். வளைந்தால் மேலே உள்ள வீடுகளின் பிடி விடும். பாய்மேலும் மெத்தைமேலும் வைக்காதீர்கள். அடியில் ஒரு கெட்டிப் பலகை கொடுங்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் பழைய பலா மணையைக் கொடுத்தோம். பெயர் வந்ததும் அப்படித்தான். இரண்டு தகடு சேர்த்தால், பாதி இங்கே பாதி அங்கே இருக்கும்படி சந்தின்மேல் நீளச் செங்கல் வையுங்கள். தகட்டின் அடிப்பக்கம் எதையும் கவ்வாது. ஆகையால் கீழ்ப்பக்கம் கட்ட முடியாது. வெயிலில் போடாதீர்கள், வெந்நீரில் கழுவாதீர்கள்.

இன்னொன்று. வாங்கியவுடன் தகடு முழுவதையும் நிரப்பச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். என் பேத்தியின் தகட்டில் ஒரு மூலை இன்னும் காலியாக இருக்கிறது. "அது எதற்கு?" என்று டெலிபோனில் கேட்டேன். "அது அடுத்த ஊருக்கு, தாத்தா" என்றாள்.