தாழ்ப்பாள்

சுபுஹுத் தொழுகைக்கு உளூச் செய்வதற்காகக் கொல்லைக் கதவைத் திறந்தபோது, கிணற்றடியெங்கும் செம்பழுப்பு இறகுகள் சிதறிக் கிடந்தன. கோழிக்கூட்டின் கதவு திறந்திருந்தது. எங்கள் சிறுவிடைப் பெட்டை துவைகல்லின் அடியில் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. தெருநாயின் வேலை.

அது ஒன்பது முட்டைகளின் மேல் பதினான்கு நாட்களாக அடையிருந்த கோழி. இன்னும் ஏழு நாட்கள் சென்றிருந்தால் குஞ்சு பொரித்திருக்கும். அடைக்கோழி எளிதில் எழுந்து ஓடாது. நாய் வந்த பின்னரும் முட்டைகளை விட்டு எழ மனமின்றித் தாமதித்திருக்க வேண்டும். மூன்று முட்டைகள் உடைந்திருந்தன. மற்றவை சில்லிட்டுப் போயிருந்தன.

உம்மா வந்து பார்த்தார்கள். “உசுரு இருக்கையிலேயே தம்பியக் கூப்பிட்டு அறுத்துரச் சொல்லு. செத்துட்டா ஒண்ணுக்கும் ஆகாது” என்றார்கள்.

உம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் சொன்னது மார்க்கம் அனுமதித்த ஒன்றே. விலங்கு கடித்த பிராணி உயிருடன் இருக்கையில் முறைப்படி அறுக்கப்பட்டால் அதற்கு விலக்கு உண்டு என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்திலிருந்து அறிகிறோம். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை ஸல்உ மலையருகே மேய்த்துவந்த பெண், ஓர் ஆடு சாகும் தறுவாயில் இருப்பதைக் கண்டு, கல்லொன்றை உடைத்து அதனால் அறுத்தார். அதை உண்ணலாம் என நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. துடிக்கும் உயிரின் வேதனை விரைவில் முடியும், உணவும் வீணாகாது. அந்த யோசனையில் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆயினும், “ஒருநாள் பொறுத்துப் பாப்போம் உம்மா” என்றேன். பக்கத்தில் நின்று அழுத என் மகளுக்காகத்தான் அப்படிச் சொல்கிறேன் என அவர்கள் கருதியிருக்கக்கூடும்.

உண்மை வேறு. முந்தைய இரவு இஷாவுக்குப் பின் கூட்டை அடைக்கச் சென்றது நான். சென்னையில் பணிபுரியும் கணவரோடு கைபேசியில் பேசிக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினேன், தாழ்ப்பாளைப் போடவில்லை. “நாய் கதவையே பிடுங்கிருச்சு போல” என்று உம்மா சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை.

அன்று காலையிலேயே கோழியைப் பஞ்சாரத்தில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றோம். காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்து, கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவி, நீர்த்த பொவிடோன் அயோடின் தடவச் சொன்னார் மருத்துவர். மண்ணெண்ணெய் தடவலாமா என்று கேட்டதற்கு, அண்டை வீட்டார் சொன்ன யோசனைதான் அது, கடிந்துகொண்டார். ஈ மொய்க்க விட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்றும், சிவந்த சதையைக் கண்டால் மற்ற கோழிகளே கொத்தும் என்பதால் தனியே வைக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். தண்ணீரில் கலந்து தர ஒரு மருந்தும் கொடுத்தார். அது முடிந்த பிறகும் அவர் குறிப்பிட்ட நாள்வரை இறைச்சியையோ முட்டையையோ உண்ணக் கூடாது என்றார். அத்துடன் அறுக்கும் பேச்சும் ஓய்ந்தது.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய கொசுவலைக் குடை பரணிலிருந்து இறங்கியது. அதனடியில், பழைய கைலியின் மேல் கோழி படுத்திருந்தது. முதல் இரண்டு நாட்கள் எதையும் தொடவில்லை. சொட்டுக்குழாயால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக வைத்தேன். தானே விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும், தொண்டையில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். நாயின் வாய் பட்ட காயத்தைக் கழுவிய அன்று, ஷாஃபிஈ மத்ஹபின்படி என் கைகளையும் துணியையும் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவினேன். மகளுக்கு அதுவே ஒரு பாடமாயிற்று. இருமுறை எண்ணிக்கையைத் தவறவிட்டு மீண்டும் முதலிலிருந்து கழுவ வைத்தாள்.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் மன்னிப்பைச் சொல்லும் ஹதீஸ் அந்நாட்களில் என் நினைவுக்கு வரவேயில்லை. வந்ததெல்லாம் பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றியதுதான். உணவும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் வைத்திருந்ததற்காக அவள் தண்டிக்கப்பட்டாள். தன் போக்கில் விட்டிருந்தால் இந்தக் கோழி மரக்கிளையில் ஏறி உறங்கியிருக்கும். கூட்டில் அடைத்தது நாங்கள். அடைத்த பின் அதன் காவல் எங்கள் அமானிதம் அல்லவா? என் கைகள் செய்ததில் இரக்கத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஐந்தாம் நாள் அவித்த மஞ்சள்கருவைக் கொத்தியது. எட்டாம் நாள் புண் வறண்டு பொருக்குக் கட்டியது. அன்று மாலை உம்மா உடைத்த கம்பைக் கொண்டுவந்து வலைக்குள் தூவிக்கொண்டிருந்தபோது, “தாப்பாள் போடாதது நான்தான் உம்மா” என்றேன்.

அவர்கள் கையை நிறுத்தவில்லை. “அன்னக்கிக் காலையிலேயே பாத்தேன். தாப்பாள் ஒடையலையே.”

அவ்வளவுதான் சொன்னார்கள்.

இப்போது அதன் முதுகில் முள்முள்ளாகப் புதிய இறகுகள் முளைத்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கூட்டுக்குள் நுழைய மறுக்கிறது. பொழுது சாய்ந்ததும் கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறிக்கொள்கிறது. இறக்கிக் கூட்டில் விடலாம் என்று மகள் இருமுறை முயன்று விட்டுவிட்டாள். மற்ற ஐந்து கோழிகளும் கூட்டில்தான் உறங்குகின்றன. இஷா தொழுது முடித்ததும், முஸல்லாவில் அமர்ந்தபடியே உம்மா கேட்பார்கள்: “தாப்பாள்?”

கைபேசியை அடுக்களையில் வைத்துவிட்டு எழுந்து செல்கிறேன்.