ஓரம்... ஓரம்!

வேலூர் கோட்டை அகழியில் தண்ணீர் உண்டு, பாலாற்றில்தான் தேட வேண்டும். கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் லாங் பஜார். முன்னால் கைவண்டி, பின்னால் ஆட்டோ, பக்கத்தில் வெங்காய மூட்டை. நாம் நடக்கவே வேண்டாம்; கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். மூட்டை தூக்குகிறவர், 'ஓரம்... ஓரம்!' என்கிறார். ஓரம் எங்கேய்யா இருக்கு?

ஒரு கயிற்றுக்கடை முன்னால் ஒதுங்கினேன். சுருள் சுருளாகக் கயிற்றைப் பார்த்ததும் 'தாரிணி' ஞாபகம். 56 அடிப் பாய்மரப் படகு. அதில் இரண்டே பேர்: புதுச்சேரி ரூபா, கோழிக்கோடு தில்னா. கடற்படை லெப்டினன்ட் கமாண்டர்கள். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி, காற்றை நம்பி உலகத்தையே சுற்றி, 2025 மே 29-ல் திரும்பினார்கள். ரேஸ் அல்ல; கப்பும் கிடையாது.

வழியில் பசிபிக்கில் 'பாயின்ட் நெமோ'. அங்கிருந்து மிக அருகிலுள்ள கரையே கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்து ஆட்கள்தான் பல சமயம் பக்கத்து வீட்டுக்காரர்கள்! இரண்டடிக்கு ஒரு மனுஷன் இடிக்கிற பஜாரில் நின்றுகொண்டு இதை நினைத்தால் தலை சுற்றுகிறது. இரண்டே பேர், எட்டு மாசம். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு எங்கே போவது?

தனி ஆள் கதை இன்னும் மோசம். 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் புயல் அடித்து, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து, நடு இந்தியப் பெருங்கடலில் மூன்று நாள் அசைய முடியாமல் கிடந்தார் கடற்படை கமாண்டர் அபிலாஷ் டோமி. பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. மனுஷர் விட்டாரா? 2022-ல் அதே பந்தயத்துக்கு மறுபடி கிளம்பி, 2023-ல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார், முதுகுக்குள் டைட்டானியம் கம்பியோடு.