காற்றுக்கு வழி

அடுப்புக் கட்டக் கூப்பிடுகிறவர்கள் என்னை நேரே சமையலறை மூலைக்குக் கூட்டிப்போவார்கள். நான் முதலில் கேட்பது பானைகளை. சோறு வடிப்பது எதில், குழம்புச் சட்டி எது, வெந்நீர் அண்டா ஏறுமா, இட்லிக் கொப்பரை வைப்பதுண்டா என்று விசாரித்து, ஒவ்வொன்றையும் கவிழ்த்து நூலால் அளந்துகொள்வேன். அடுத்தது விறகு அடுக்கு. வேலிக்காத்தானா, தென்னை மட்டையா, பருத்திமாரா என்று பார்க்க வேண்டும். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை. ஆடிக்காற்று எந்தப் பக்கம் இருந்து அடிக்கும், பக்கத்து மாடி வீட்டுச் சுவர் எவ்வளவு உயரம், மேலே ஓலையா, ஓடா, தளமா என்றெல்லாம் தெரிந்த பிறகுதான் மண்ணில் கை வைப்பது.

தீ எந்த அடுப்பிலும் எரியும். மூன்று கல்லைக் கூட்டி வைத்தாலும் எரியும். அந்தத் தீக்கு வேண்டிய காற்று உள்ளே வரவும், வெந்து முடிந்த காற்று வீட்டுக்குள் திரும்பாமல் வெளியேறவும் வழி விடுவதுதான் கட்டுகிறவன் வேலை. மண்ணும் கம்பித்தட்டும் குழாயும் அந்த வழிக்குச் சுவர்கள்.

புகைபோக்கி வைத்த அடுப்பு நேற்று வந்ததல்ல. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த எஸ்.பி. ராஜு 1950களிலேயே புகையில்லாச் சமையலறைக்கு வழிசொல்லி ஒரு சிறு நூல் போட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு மூன்று பானை ஏற்றும் அடுப்பை வடிவமைத்தது. 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த மத்திய அரசுத் திட்டம் நாடு முழுக்க மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை வைத்தது. 2016இல் உஜ்வாலா எரிவாயு இணைப்புத் திட்டம் வந்து எரிவாயு பரவியது. ஆனாலும் கிராமத்து வீடுகளில் இரண்டும் உண்டு. காலைக் காபிக்கும் அவசரத் தாளிப்புக்கும் சிலிண்டர். குளிக்க வெந்நீர், நெல் அவிப்பு, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, விருந்தாளி வந்தால் பெரிய பானைச் சோறு என்றால் விறகு. அணையாத அந்த இரண்டாவது அடுப்பைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மண்ணில் தொடங்குவோம். கரையான் புற்றுமண் கிடைத்தால் வேறு மண் தேட மாட்டேன். அதில் ஆற்றுமணலும் நறுக்கிய வைக்கோலும் சாணமும் சேர்த்து இரவு முழுக்க ஊறவிட்டு, காலால் மிதிக்க வேண்டும். எல்லா ஊர் மண்ணுக்கும் ஒரே கணக்குக் கிடையாது. விரல் தடிமனுக்குத் திரித்து வளைத்துப் பார்ப்பேன். வளைக்கும்போதே பிளந்தால் மணல் கூடிவிட்டது. ஒரு உருண்டை பிடித்து நிழலில் காயவைப்பேன். காய்ந்ததும் வெடிப்பு விட்டால் களி கூடிவிட்டது. கட்டிய அடுப்பும் நிழலில்தான் காய வேண்டும். ஈரம் இருக்கும்போதே பொங்கல் வைத்துப் பெருந்தீ மூட்டினால், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும். கிடைக்காத இடத்தில் வெடிக்கும். நல்ல நாள் என்று அவசரப்படுகிறவர்களிடம் அன்றைக்கு ஒரு கற்பூரம் மட்டும் ஏற்றச் சொல்லிவிடுவேன்.

தீ நிற்கும் குழியில் இரண்டு விஷயம் முக்கியம். அடியில் இரும்புக் கம்பித்தட்டு இருக்க வேண்டும். விறகு அதன்மேல் கிடந்தால் காற்று கீழிருந்து ஏறும், சாம்பல் கீழே விழும், ஊதாங்குழலுக்கு வேலை குறையும். கம்பித்தட்டுக்கும் பானை அடிக்கும் இடையில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடம் விடுவேன். பானை கிட்டே இருந்தால் சூடு சீக்கிரம் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் நிறைந்த பானையின் அடி, தீயை விடப் பலமடங்கு குளிர்ந்தது. முழுதாக எரிந்து முடியாத சுவாலை அதில் மோதினால் அங்கேயே அவிந்து கரியாகப் படியும். பானை அடியில் கொழகொழவென்று கரி பிடிக்கும் வீட்டில் விறகு வீணாகிறது என்று பொருள். அதேபோல் பானை, அடுப்பு வாயில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். ஒரு விரல் இடுக்கு இருந்தால் போதும், புகை குழாயை மறந்துவிட்டு அந்த வழியில் வந்துவிடும். பானைகளை அளப்பது இதற்காகத்தான். புதுப் பானை வாங்கினால் பழையதன் அளவுக்கே வாங்கச் சொல்வேன்.

முதல் குழியிலிருந்து இரண்டாவது பானை உட்காரும் கொடியடுப்புக்குப் போகும் துளை மேல்நோக்கிச் சரிந்து ஏற வேண்டும். அங்கிருந்து புகைக்குழாய். குழாயில் வளைவு எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது. ஒவ்வொரு வளைவும் கரி தங்கும் திண்ணை. ஆஸ்பெஸ்டாஸ் குழாய் மலிவு என்று வாங்கி வைத்திருப்பார்கள். அதை அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலைக் கெடுப்பது, அதனால் தொடுவதில்லை. குயவரிடம் சொல்லிச் சுட்டமண் குழாய் வாங்கிக்கொள்வேன், இல்லையென்றால் தகரக் குழாய். தகரம் சில மழைக்காலங்களில் துருப்பிடிக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

ஓலைக் கூரையைத் துளைத்துக் குழாய் கொண்டுபோவதில்லை. சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, தாழ்வாரத்து ஓலையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி மேலே ஏற்றுவேன். இதனால் வரும் வளைவுக்குக் கீழே கரி வழிக்க ஒரு வாய் வைத்துவிட்டால் போதும். ஓடு, தகரம் என்றால் நேரே மேலே போகலாம். ஆனால் பக்கத்தில் மரச்சட்டம் இருக்கக் கூடாது. துளையைச் சுற்றி மண்ணும் மணலும் கட்டி அணைக்க வேண்டும். குழாயின் தலை கூரை முகட்டைவிட இரண்டடி உயர்ந்து நிற்க வேண்டும். குட்டையாக விட்டால் ஆடி மாதம் பிறந்ததும் காற்று முகட்டைத் தாண்டி இறங்கும்போது புகையையும் உள்ளே அழுத்தித் தள்ளும். பக்கத்தில் உயர்ந்த மாடிச் சுவர் இருந்தாலும் இதே தொல்லைதான். தலையில் ஒரு தொப்பி மூடி, மழைக்கும் காற்றுக்கும்.

எல்லாம் காய்ந்த பிறகு ஒரு ஓலைத்துண்டைக் குழாய் அடியில் கொளுத்திச் சூடேற்றுவேன். பிறகு ஊதுவத்தியை அடுப்பு வாயில் பிடித்தால் அந்தப் புகை இழை அப்படியே உள்ளே வளைந்து போக வேண்டும். வெளியே நெளிந்தால் எங்கோ அடைப்பு அல்லது இடுக்கு. காலையில் குளிர்ந்து கிடக்கும் குழாய் இழுக்காது. அதனால்தான் முதலில் சுள்ளி, பிறகு விறகு. ஆரம்பத்திலேயே கட்டையைத் திணிக்கும் வீட்டில் புகையும் கண்ணீரும் நிச்சயம்.

ஒரு வீட்டில் ஒரு அக்கா கேட்டார்: "புகையே இல்லேன்னா கூரைக்குள்ள பூச்சி வந்துருமே அண்ணே?"

நியாயமான கேள்விதான். புகைபடிந்த ஓலை நீண்டநாள் தாங்கும். "கூரைக்குத்தான் புகை வேணும்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஆளெல்லாம் வெளியே இருக்கும்போது மூட்டம் போடுங்க அக்கா. தினமும் உங்க நெஞ்ச எதுக்குக் குடுக்குறீங்க?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மாமியாரிடமும் அதையே சொல்லச் சொன்னார்.

விறகில் காய்ச்சல்தான் எல்லாம். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதியளவு வரை தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்கிய பிறகு மிச்சமிருக்கும் சூடுதான் பானைக்கு. பிளந்து, மழைபடாமல் காற்றோட்டமாக அடுக்கி, ஒரு கோடை காய்ந்தால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். இரண்டு விறகைத் தட்டினால் கணீரென்று கேட்கும். சவுக்கு, வேலிக்காத்தான், புளி மூன்றும் நின்று எரியும். முருங்கையை நம்பி உலை வைக்க முடியாது. அரளிக் குச்சியை ஒருபோதும் வைக்கக் கூடாது, அதன் புகையே நஞ்சு. பெயிண்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு, பற்றவைக்கப் பாலித்தீன் பை இவையும் ஆகாது.

புகை தெரியவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. சுவாலை அடங்கிக் கங்காகக் கிடக்கும்போது கண்ணுக்குப் புகை தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலைப்பகுதியில் குளிருக்காகக் கங்குச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் விடியும்போது எழுந்திருக்காத செய்தி அவ்வப்போது வருகிறது. குழாய் இருந்தாலும் ஒரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும். காற்று உள்ளே வராமல் குழாய் எதை வெளியே இழுக்கும்? தணல் கிடக்கும் அடுப்போடு யாரும் தூங்கக் கூடாது.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டர் சேலை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. விறகின் வால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் குழந்தை தடுக்கி விழும். சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரைக்கும் உயிரோடு இருக்கும், அதை வைக்கோல் போர்ப் பக்கம் கொட்டாமல் இரும்பு வாளியில் மூடி வையுங்கள். சுட்டுவிட்டால் மாவும் பற்பசையும் வேண்டாம். இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கட்டி முடித்த பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. புகைபோக்கி அடுப்பு வைத்த முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தக் குறைவு காணாமல் போனது. ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை என்பதே காரணம். நான் திரும்பிப் போகும் வீடுகளிலும் பார்ப்பது இதுதான். மாதம் ஒருமுறை நீளக் கழியில் துணியோ தேங்காய் நாரோ கட்டிக் குழாயில் இறக்கி வழித்தால், ஒரு முறம் கரி கீழ்வாயில் விழும். வழிக்காமல் விட்டால் அது அடைத்துக்கொண்டு புகையைத் திருப்பும். இல்லையென்றால் ஒருநாள் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும்.

சமைப்பவர் பெண், கழி பிடித்து ஏற வேண்டியவர் ஆண் என்று பிரித்து வைத்திருக்கும் வீட்டில் இந்த வேலை யாருடையதும் ஆகாமல் போகிறது. அதனால் குழாயை வழிக்கும் வாயைத் தரையில் உட்கார்ந்தே கை எட்டும் உயரத்தில், சமைக்கிறவர் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன். முதல் தடவை வழிக்கும்போது வீட்டு ஆண்களும் கூட நின்று பார்க்க வேண்டும் என்பது கூலி பேசும்போதே நான் சொல்லிவிடும் நிபந்தனை. அதற்கு ஒப்பாத வீட்டில் மண் குழைப்பதில்லை.